வெள்ளைச் சேவலின் வால்

சும்மா இருக்கத் தெரியாதவன் நான். இந்த வயதில் இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைத் திறந்து பார்ப்பேன். இறுக்கமாக இருக்கிற திருகை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி மரையைக் கெடுப்பேன். தோசை சுடும்போது என் மனைவி என்னை அடுப்பு இருக்கும் திசைக்கே விடுவதில்லை. (வேகுமுன்னே நாலு தடவை திருப்பிப் பார்ப்பேனாம். அபாண்டம். இரண்டு தடவைதான்.) இந்த வியாதியால் நான் பட்ட அவமானங்கள் பல. அவற்றுக்கெல்லாம் மூத்தது தாராவியில், ஊர்க்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், ஒரு சேவலின் பின்பக்கத்தில் நிகழ்ந்தது.

அறுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இருபது வயது. குர்லாவில் நூலுக்குச் சாயம் போடும் ஒரு பட்டறையில் வேலை. தங்கியிருந்தது தாராவியில், என் அக்கா பேச்சியம்மாள் வீட்டில். அக்கா, அத்தான், அவர்களுடைய மூன்று வயது மகள் செல்வி, நான் என்று நாலு பேருக்கும் ஒரே அறை. அறைக்குப் பின்னால், சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு ஓர் இடம் உண்டு. அங்கே தகரத்தையும் பழைய பலகையையும் வைத்துக் கட்டிய கூட்டில் ஏழு பெட்டைக் கோழிகளும் ஒரு வெள்ளைச் சேவலும் இருந்தன. தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் எங்களைவிட அவற்றுக்குத்தான் இடவசதி அதிகம்.

பெட்டைகள் முட்டைக்கு. சேவல் அம்மனுக்கு. முந்தின மழைக்காலத்தில் செல்விக்குக் காய்ச்சல் வந்து, பத்து நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அக்கா, எங்கள் சந்து முனையில் திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்து கட்டியிருந்த சின்ன அம்மன் கோயிலில் போய் நின்று, பிள்ளையைப் பிழைக்க வைத்தால் உடம்பில் ஒரு குறையும் இல்லாத வெள்ளைச் சேவல் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தாள். அக்கா ஒரு வெள்ளைக் குஞ்சைத் தேடிப் பிடித்து வளர்த்தாள். கொடையன்று, அதாவது கோயிலின் வருஷத் திருவிழா அன்று, அதைச் செலுத்துகிற வரைக்கும் பிள்ளை தன் கைக்கு முழுசாக வந்து சேரவில்லை என்பது அவள் எண்ணம். செல்வி ஒரு தும்மல் போட்டால்கூட அக்கா முதலில் ஓடிப்போய்ச் சேவலைத்தான் பார்ப்பாள்.

கொடைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது அத்தானின் தம்பிக்கு ஊரில் கல்யாணம் வந்தது. மூன்று பேரும் புறப்பட்டார்கள். தாதர் ஸ்டேஷனில் ரயில் கிளம்புகிற வரைக்கும் அக்கா ஜன்னல் வழியே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"ஏலே ஆறுமுகம், பூனை வரும். பெருச்சாளி வரும். பகல்ல பருந்து சுத்தும். பொழுது சாயுமுன்ன கூட்டுல அடைச்சிரணும். சேவல மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்கிடு. அதுக்கு ஒரு குறை வந்தா எம்பிள்ளைக்கு வந்த மாதிரி. கேட்டியா?"

"நான் என்ன பச்சைப் பிள்ளையாக்கா? நீ நிம்மதியா போயிட்டு வா."

அக்கா சொன்ன எதிரிகளின் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. அது என் பெயர்.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. கோழிகள் மேய்ந்தன, முட்டையிட்டன, பொழுது சாய்ந்ததும் தாமே கூட்டுக்குள் போயின. நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கையெல்லாம் அரித்தது.

எங்கள் சந்தில் நாலைந்து வீட்டில் கோழி உண்டு. எல்லாம் ஒன்றாகத்தான் மேயும். அதனால் வீட்டுக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் செல்லக்கனியக்கா தன் கோழிகளின் சிறகில் மஞ்சள் பூசுவாள். எதிர்வீட்டுக்காரர்கள் துணிக்குப் போடும் நீலத்தைப் பூசுவார்கள். எங்கள் அக்கா கோழியின் வலது காலில் பச்சைத் துணி கட்டுவாள். சாக்கடை ஓரத்தில் கிளறிக் கிளறி அந்தத் துணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து போயின. ஒரு நாள் கறுப்புப் பெட்டை ஒன்று எங்களுடையதா எதிர்வீட்டுடையதா என்று அரைமணி நேரம் தகராறு. கடைசியில் கோழியே எங்கள் கூட்டுக்குள் நடந்துபோய் வழக்கைத் தீர்த்துவைத்தது.

வேறு யாராவது என்றால் புதிதாக ஒரு துணியைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நான் தொழில் தெரிந்தவன் அல்லவா? சாயப் பட்டறைக்காரன் வளர்க்கிற கோழி கந்தைத் துணி கட்டிக்கொண்டு திரிவதா? பட்டறையிலிருந்து ஒரு சீசா சாயம் கேட்டு வாங்கி வந்தேன். நல்ல சிவப்பு. பட்டறையில் அதை 'ரத்தச் சிவப்பு' என்றுதான் சொல்வோம். (அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பெட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகிலும் வால் அடியிலும் தாராளமாகப் பூசினேன். சேவலைத் தொடவில்லை. அம்மனுக்குரியதைத் தொடக்கூடாது என்கிற பயபக்தி என்னிடம் இருந்தது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

தூர நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. செல்லக்கனியக்கா மட்டும் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அவள் சுனாபட்டியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால், ஒரு பெட்டையின் முதுகில் இறகு இல்லை. தோல் கிழிந்து ரத்தம். பெருச்சாளி! அக்கா சொன்ன பெருச்சாளி வந்துவிட்டது! நேரே மருந்துக் கடைக்கு ஓடினேன். காயத்துக்குப் போடுகிற சிவப்பு மருந்து உண்டே, அதில் பெரிய சீசாவாக வாங்கி வந்து, காயத்தின்மேல் மட்டுமல்ல, காயம் வரக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றிய எல்லா இடத்திலும் தடவினேன்.

அத்துடன் விட்டேனா? செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, கூட்டைச் சுற்றி இரட்டைக் கம்பிவலை அடித்தேன். வலைமேல் சாக்கைக் கட்டினேன். இனி ஒன்றும் வெளியே போகவும் கூடாது, உள்ளே வரவும் கூடாது என்று எட்டையும் நாள் முழுக்க உள்ளேயே அடைத்தேன். பாதுகாப்புக்காக, சேவலை நட்டநடுவில் விட்டேன்.

புதன்கிழமை இரண்டு கோழிக்குக் காயம். வியாழக்கிழமை நாலு கோழிக்கு. ஒவ்வொரு நாளும் சிவப்பு மருந்து பூசினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் பச்சைத் தொட்டியில் முக்க வேண்டிய நூலை மஞ்சளில் முக்கி, மேஸ்திரியிடம் தமிழிலும் இந்தியிலும் திட்டு வாங்கினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குர்லாவில் ரயிலேறி சயானில் இறங்கி, கூடுவரைக்கும் ஓடிவந்து, சாக்கைத் தூக்கி எட்டு உருப்படியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப ஓடுவேன். சேவலுக்கு ஒன்றும் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

வலையில் ஓட்டை இல்லை. மண்ணில் வளை இல்லை. அப்படியானால் பூனை. சந்தில் பூனை வைத்திருந்தது செல்லக்கனியக்கா ஒருத்திதான். சுனாபட்டியிலிருந்து அவள் வெள்ளிக்கிழமை திரும்பி வந்ததும், பையைக் கீழே வைக்கக்கூட விடாமல் வாசலில் போய் நின்றேன்.

"உங்க பூனை எங்க கோழிய கடிக்கி. பூனையக் கட்டிப் போடுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய்ப் பூனையைத் தூக்கி வந்து, அதன் வாயைப் பிளந்து என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"பாத்துக்கோ. இதுக்குப் பல்லே கெடையாது. கஞ்சியக்கூட ஊதித்தான் குடிக்கும். எம்பூனையவா சொல்லுத?"

பூனையும் என்னை வருத்தத்தோடு பார்த்தது. சந்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்காமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாக்கைத் தூக்கினேன். சேவலுக்கு வால் இல்லை.

வால் குறைந்திருந்தது என்று நினைக்காதீர்கள். இல்லை. வளைந்து தழைந்து தோகை போல இருந்த அந்த வெள்ளை வால் இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது. ஆறு நாளில் அக்கா வருகிறாள். பத்து நாளில் கொடை. உடம்பில் ஒரு குறையும் இல்லாத சேவல். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். இருபது வயதுக்காரன், மீசை வைத்தவன், அழுதேன்.

மறுநாள் ஞாயிறு. எதிரியைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். நல்ல வெயில் நேரத்தில், கையில் ஒரு உருட்டுக்கட்டையோடு, கூட்டுக்குள்ளேயே குனிந்து நுழைந்து, தலையில் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு மூலையில் குந்தினேன். தகரக் கூரை காய்ந்து கொதித்தது. மூச்சு விடவில்லை. கால்மணி நேரம் இருக்கும். ஒரு பெட்டை மெதுவாக நடந்து இன்னொரு பெட்டையின் பின்னால் போய், முதுகில் நங்கென்று ஒரு கொத்து கொத்தியது. அதை மற்றொன்று கொத்தியது. அப்புறம் மூன்று சேர்ந்து சேவலைத் துரத்தின. அது பரிதாபமாக வட்டம் சுற்றியது.

எதிரி உள்ளேதான் இருந்தது. அது புரிந்தது. ஏன் என்பது புரியவில்லை. இத்தனை நாள் ஒற்றுமையாக இருந்த கோழிகளுக்குத் திடீரென்று என்ன பகை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கறுப்புப் பெட்டை என் அருகே வந்து நின்று, தலையைச் சாய்த்து என் காலைப் பார்த்தது. பட்டறையில் வேலை செய்கிறவனின் கால் விரல்கள் எப்போதும் சிவந்துதான் இருக்கும். பெட்டை என் பெருவிரலைக் கொத்தியது. நான் கத்திக்கொண்டு எழுந்தேன். தகரக் கூரையில் தலை மோதி, கூரை ஒரு பக்கம் பெயர்ந்து, சாக்கும் நானும் கோழிகளுமாக வெளியே விழுந்தோம்.

சத்தம் கேட்டு ஓடிவந்த செல்லக்கனியக்கா சாயம் பூசிய எங்கள் கோழிகளை முதன்முதலாகப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அட பாவி! செவப்பயா பூசி வச்சிருக்க? செவப்பக் கண்டா ரத்தம்னு நெனச்சு ஒண்ண ஒண்ணு கொத்தும்லா! அதுக்கு மேல மருந்தும் செவப்பா? இதையெல்லாம் ஒரே கூட்டுலயா அடைச்ச? சேவல் வாலுலயும் ஒட்டியிருக்கும்லா!"

மூன்று கேள்விக்கும் ஒரே பதில்தான் இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவள் பூனை விஷயத்தை எடுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அடுப்புக் கரியைப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து, இரண்டு பேருமாக ஏழு பெட்டைகளுக்கும் சிவப்புத் தெரியாமல் பூசினோம். சாயங்காலத்துக்குள் சண்டை நின்றுவிட்டது. சேவலின் பின்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து மஞ்சள் வைத்தாள்.

"வாலு மொளைக்க ரெண்டு மாசம் ஆகும். பேச்சி வந்ததும் உள்ளதச் சொல்லிரு. அவ திட்டுவா, அழுவா, அப்புறம் வேற வழி பாப்பா."

நல்ல யோசனை. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே சயான் பக்கம் ஒரு கோழிக் கடையில் போய் நின்று, வெள்ளைச் சேவலின் வால் வேண்டும் என்று இந்தியில் கேட்டேன்.

"முர்கா நஹி? சிர்ஃப் தும்?" என்றார் கடைக்காரர். சேவல் வேண்டாமா, வால் மட்டும்தானா என்று நம்ப முடியாமல் மூன்று தடவை கேட்டார். பிறகு ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார். போகும்போது என் முதுகில் தட்டியும் கொடுத்தார்.

அந்த இறகுகளை ஒரு வெள்ளைத் துணித் துண்டில் விசிறிபோல வரிசையாகத் தைத்தேன். காகிதம் ஒட்டுகிற கோந்தைத் துணியில் கனமாகத் தடவி, சேவலின் பின்பக்கத்தில் வைத்து, இருநூறு எண்ணுகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்தேன். நின்றது. உண்மையைச் சொல்கிறேன், பழைய வாலைவிட நன்றாக இருந்தது. செல்லக்கனியக்கா அதைப் பார்த்து, "நீ எங்கயோ போகப் போற" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாகப் பின்பக்கம் ஓடினாள். கரி பூசிய ஏழு கோழிகளைப் பார்த்து, "என்னலே இது?" என்றாள். கண் பட்டுவிடக் கூடாது என்று பூசினேன் என்றேன். அடுத்து சேவலைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"வாலு எம்புட்டு நல்லா வளந்திருக்கு! எந்தம்பி கைராசி!"

அதற்குப் பிறகு நாலு நாள் நான் இருந்த இருப்பை எதிரிக்கும் விரும்பமாட்டேன். யாரும் அதன் வாலைத் தொட்டுவிடக் கூடாதே என்று எந்நேரமும் சேவலை நானே தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். செல்வி பின்னாலேயே வருவாள். நான் ஓடுவேன். மூன்று முறை அக்காவிடம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவள் என்னை முந்திக்கொண்டு, "எம்பிள்ளைக்காக நீ இப்படிப் பாடுபடுதியே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாய் தானாக மூடிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மதியக் கொடை. சந்து முழுக்கத் தோரணம், மேளம், கூட்டம். அம்மன் அருள் வந்து ஆடுகிறவர் பால்வண்ணம் அண்ணாச்சி. மற்ற நாளில் மில் தொழிலாளி. எங்கள் எல்லாரிடமும் பீடிக்குத் தீப்பெட்டி கேட்பவர். அன்று உடம்பெல்லாம் சந்தனம் பூசி, கையில் வேப்பிலையோடு, நிமிர்ந்து பார்க்கவே பயமாக நின்றார். நான் சேவலை அவர் முன்னால் இறக்கி விட்டேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நேர்ந்துவிட்டதை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்க வேண்டும். துலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று உத்தரவு. பிறந்ததிலிருந்து நான் பார்த்துவரும் வழக்கம் இது. ஆனால் பூசாரி செம்பைத் தூக்கிய பிறகுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வால் ஒட்டிய அன்று கையெல்லாம் அப்பிய கோந்து, தண்ணீரில் காட்டியதும் ஒரே நிமிஷத்தில் கரைந்து போனது.

முதல் செம்பு ஊற்றினார்கள். சேவல் அசையவில்லை. இரண்டாவது செம்பு. அசையவில்லை. கூட்டம், "உத்தரவு குடு தாயே!" என்று கத்தியது. 'குடுக்காதே தாயே' என்று நான் ஒருவன் வேண்டிக்கொண்டிருந்தேன். அக்கா செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏதும் குத்தம் குறை இருந்தா என்னோட போகட்டும் தாயே. பிள்ளைய ஒண்ணும் செஞ்சிராத."

மூன்றாவது செம்பு. சேவல் கழுத்தை நீட்டியது. தலையிலிருந்து தொடங்கி உடம்பு முழுக்க ஓர் உதறு உதறியது. வால் கழன்றது. விசிறி மாதிரி சுற்றிக்கொண்டு பறந்துபோய், பால்வண்ணம் அண்ணாச்சியின் நெஞ்சுச் சந்தனத்தில் சப்பென்று ஒட்டியது.

மேளம் நின்றுவிட்டது. அக்கா வாலைப் பார்த்தாள், சேவலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். பிள்ளையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அவ்வளவு பயத்தை ஒரு முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதைக் கொண்டுவந்து அங்கே வைத்தவன் நான். என்னால் தாங்க முடியவில்லை. அண்ணாச்சியின் காலில் விழுந்து, யாரும் கேட்காமலேயே, சாயம், மருந்து, கம்பிவலை, பல்லில்லாப் பூனை, கோழிக்கடை, கோந்து என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"என்னைக் கேளு தாயே. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சியின் உடம்பு குலுங்கியது. அருள் வந்தால் குலுங்குவதுதான். ஆனால் இது வேறு குலுக்கம். வேப்பிலையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். அம்மன் சிரித்ததை எங்கள் சந்து அன்றைக்குத்தான் பார்த்தது.

பிறகு ஒரு பிடி விபூதி எடுத்துச் செல்வியின் நெற்றியில் அழுத்திப் பூசினார்.

"பிள்ளை மேல எனக்கு என்ன கோவம்? பிள்ளை எம்பிள்ளை. வாலு மொளைக்கட்டும். அடுத்த கொடைக்குக் கொண்டா. அதுவரைக்கும் இந்தப் பயதான் வளக்கணும். இவன் கையில சாயம் படக் கூடாது!"

அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து, செல்வியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். செல்லக்கனியக்கா சேவலைத் தூக்கி முந்தானையால் துடைத்தாள்.

அம்மன் வாக்காயிற்றே, பட்டறையை விட்டேன். ஒரு மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். (வெள்ளை நிறம் யாரையும் கொத்த வைக்காது.) ஒரு வருஷம் அந்தச் சேவலின் வாலைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தேன். மறு வருஷக் கொடையில் பூசாரி செம்பைத் தூக்குவதற்கு முன் அதன் வாலை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அண்ணாச்சி, அருள் வந்த நிலையிலும், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அக்கா இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். முதல் செம்பிலேயே சேவல் துலுக்கிவிட்டது. அன்றைய குழம்பை என்னால் தொட முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எதையும் இழுத்துப் பார்க்காமல் யாரும் நம்புவதில்லை. நான் பெண் பார்க்கப் போனபோது அத்தான் என் மீசையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப்போனார். வீட்டுக்கு வாங்கி வரும் பாத்திரத்தின் கைப்பிடி முதல் புதுச் செருப்பின் வார் வரைக்கும் எல்லாம் ஓர் இழுப்புக்குத் தப்புவதில்லை.

செல்விக்குச் செம்பூரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அடர்ந்த, சுருண்ட முடி. மணமேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளம் கொட்டுவதற்குச் சற்று முன், அக்கா எழுந்து, ஏதோ விளக்கைத் தூண்டப் போகிறவள் மாதிரி அவருக்குப் பின்னால் போனாள். குனிந்தாள். பின்மண்டை முடியைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழு இழுத்தாள்.

மாப்பிள்ளை, "ஐயோ!" என்று மேளத்துக்கு மேலே கத்தினார். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அக்கா பதறவில்லை. வெறும் கையை விரித்து, ஒரு முடிகூட வரவில்லை என்று கூட்டத்தில் எங்கோ ஒளிந்துகொண்டிருந்த எனக்குக் காட்டினாள்.

"ஏலே ஆறுமுகம், இது ஒட்டுனது இல்லடே. தாலியக் கட்டச் சொல்லு."